துப்பாக்கியை முதலில் எடுப்பதா, முதலில் விசாரிப்பதா?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெய்ன் மாநிலம். நவம்பர் வந்தால் மான் வேட்டைக்குக் கிளம்பும் ஊர். அப்பாவின் துப்பாக்கி மகனுக்கு வரும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த மாநிலத்து மக்கள் 2025 நவம்பரில் ஒரு சட்டத்துக்கு வாக்குச்சீட்டில் ஆதரவு தந்தார்கள். வீட்டில் ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக மாறிவிட்டார் என்று குடும்பத்தார் அஞ்சினால், அவர்களே நேராக நீதிமன்றத்துக்குப் போய் அவருடைய துப்பாக்கிகளைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும்படி கேட்கலாம் என்பது அந்தச் சட்டம். ஆளுநர் ஜேனட் மில்ஸ் அதை எதிர்த்தார். துப்பாக்கி விஷயத்தில் ஒன்றுமே செய்யக்கூடாது என்பவர் அல்ல அவர். 2019இல் பல தரப்போடும் பேசி முடித்த வேறொரு சட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, அதுவே போதும் என்பது அவர் வாதம்.

ஆக, மெய்ன் வாக்காளருக்கு முன் இருந்தது வெறும் வேண்டும், வேண்டாம் என்ற கேள்வி இல்லை. எந்த வழியில் துப்பாக்கியை எடுப்பது, அதை இழப்பவருக்கு எந்தக் கட்டத்தில் பேச வாய்ப்புத் தருவது என்ற கேள்வி. இந்த விவாதம் முழுவதுமே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். டிவியில் கத்துபவர்கள் இரண்டு பக்கமும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ரெட் ஃபிளாக், அதாவது சிவப்புக் கொடிச் சட்டம் என்ற பெயரில் பேசப்படும் இந்த வகைச் சட்டம் முதலில் வந்தது கனெக்டிகட் மாநிலத்தில், 1999இல். அதற்கு முந்தைய ஆண்டு அந்த மாநில லாட்டரி அலுவலகத்தில் ஓர் ஊழியர் உடன் வேலை செய்த நான்கு பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார். அடுத்து இந்தியானா, 2005. பிறகு கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன். 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் இறந்தபோது நாட்டில் இந்த ஐந்து மாநிலங்களில்தான் சட்டம் இருந்தது. இப்போது மெய்னையும் சேர்த்தால் 22. எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. ஓக்லஹோமா 2020இல், டெக்சாஸ் 2025இல், இப்படிப்பட்ட உத்தரவே தங்கள் மண்ணில் செல்லக்கூடாது என்று தனிச் சட்டம் போட்டுவிட்டன. நியூஜெர்சியின் எடிசனில் குடியிருக்கும் தம்பிக்கு ஒரு சட்டம், டெக்சாஸின் டல்லஸில் இருக்கும் அக்காவுக்கு நேர் எதிரான சட்டம். பள்ளியில் யாராவது சுட வந்தால் என்ன செய்வது என்று இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பயிற்சியைத்தான் செய்கின்றன: கதவைப் பூட்டு, விளக்கை அணை, சத்தம் போடாதே.

நம்மூரில் துப்பாக்கி என்பது உரிமத்தோடு கிடைக்கிற சலுகை. கலெக்டர் தருவார், பொது அமைதிக்குக் கேடு என்று தோன்றினால் அவரே ரத்தும் செய்வார். தேர்தல் தேதி அறிவித்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் அது அரசியல் சட்டம் தந்த உரிமை. தனிமனிதருக்கே உரியது என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் ‘ஆபத்தான ஆளிடம் துப்பாக்கி எதற்கு’ என்று ஒரே வரியில் அங்கே பேச்சை முடிக்க முடியாது. எதிர்ப்பவர்களின் பயம் நமக்கு விளங்காத பயமும் இல்லை. செய்த குற்றத்துக்காக இல்லாமல், செய்யக்கூடும் என்பதற்காக ஒருவர் மேல் கைவைக்கும் சட்டம் எவ்வளவு தூரம் நீளும் என்பதை குண்டர் சட்டம் பார்த்த தமிழ்நாட்டுக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குண்டர் சட்டத்தில் ஆளையே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம், ஆலோசனைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமைகூடக் கிடையாது. ரெட் ஃபிளாக்கில் ஆளை அடைப்பதில்லை, பொருளைத்தான் எடுக்கிறார்கள். வித்தியாசம் பெரிதுதான். கேள்வி மட்டும் அதேதான்.

எதற்காக எடுக்கிறார்கள்?

கூட்டத்தில் சுடுபவர்களைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் பிறப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட சம்பவத்துக்குப் பிறகுதான் என்பதால் அந்த எண்ணம் வருகிறது. ஆனால் 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். துப்பாக்கியால் முயன்றால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. மாத்திரையை விழுங்கியவர்களில் மிகப் பலர் பிழைத்துவிடுகிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதும் இல்லை. அந்த ஒரு வாரம், அந்த ஓர் இரவு, கையில் துப்பாக்கி எட்டாமல் இருந்தால் போதும் என்பதே இந்தச் சட்டத்தின் அடிப்படைக் கணக்கு.

டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சனும் அவர் குழுவினரும் கனெக்டிகட்டில் 1999 முதல் 2013 வரை துப்பாக்கி எடுக்கப்பட்ட 762 நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். 10 முதல் 20 முறை எடுத்தால் ஓர் உயிர் தற்கொலையிலிருந்து தப்புகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. ஆதரவாளர்கள் மேடைக்கு மேடை சொல்லும் எண் இது. மருத்துவத்திலோ பொதுச் சுகாதாரத்திலோ இவ்வளவு பலன் தரும் தலையீடுகள் அதிகம் இல்லை.

அதே எண்ணைத் திருப்பிப் படியுங்கள். ஓர் உயிர் தப்பிய அந்தக் கணக்கில் மற்ற 9 முதல் 19 பேர், துப்பாக்கியை அவர்களிடமே விட்டிருந்தாலும் செத்திருக்கமாட்டார்கள். அவர்களிடமிருந்தும் உரிமை பறிக்கப்பட்டது. யார் அந்த ஒருவர் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஆகவே துப்பாக்கியைத் தேவையில்லாமல் இழப்பவர்கள் இந்தச் சட்டத்தில் விபத்தாக வந்து சேர்பவர்கள் இல்லை, சட்டத்தின் கணக்கிலேயே இருக்கிறார்கள். அவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் முறையான விசாரணை பற்றிய கேள்வி. சட்டமே வேண்டாம் என்பவர்களும், உயிர்தானே முக்கியம் என்பவர்களும் இந்த 19 பேரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பொதுவான நடைமுறை இதுதான். மனுதாரர் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்வார். அன்றைக்கோ மறுநாளோ நீதிபதி அதைப் பார்த்து, எதிர்த்தரப்பை அழைக்காமலே எக்ஸ்பார்ட்டி உத்தரவு போடுவார். போலீஸ் வீட்டுக்கு வந்து உத்தரவைக் கொடுத்து துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு போகும். பெரும்பாலான மாநிலங்களில் 14 நாளுக்குள், கலிபோர்னியாவில் 21 நாளுக்குள், இரு தரப்பையும் வைத்து முழு விசாரணை. அந்த விசாரணையில் மனுதாரர் நிரூபித்தால் பெரும்பாலான மாநிலங்களில் ஓராண்டு வரை உத்தரவு நீளும். நிரூபிக்காவிட்டால் துப்பாக்கி திரும்ப வரும்.

எக்ஸ்பார்ட்டி என்றாலே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. 1972இல் ஃபுவென்டெஸ் வழக்கில், தவணையில் வாங்கிய கேஸ் அடுப்பையும் ஸ்டீரியோவையும் முன்னறிவிப்பில்லாமல் வீடு புகுந்து தூக்கிச் சென்றதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஓர் அடுப்புக்கே விசாரணை வேண்டும் என்றால் துப்பாக்கிக்கு வேண்டாமா என்று எதிர்ப்பாளர்கள் கேட்பது இதை வைத்துத்தான். ஆனால் அதே தீர்ப்பு, அவசரம் உண்மையாக இருந்து, அரசின் கட்டுப்பாட்டில் நடந்தால் விதிவிலக்கு உண்டு என்றும் சொன்னது. கடன்காரர் கேட்டவுடன் குமாஸ்தா முத்திரை குத்தியதுதான் அங்கே சிக்கல், நீதிபதி யாரும் பார்க்கவில்லை. குடும்ப வன்முறை வழக்குகளில் எக்ஸ்பார்ட்டி பாதுகாப்பு உத்தரவு காலங்காலமாக இருக்கிறது. முன்னறிவிப்புக் கொடுத்தால் கொடுத்த அன்றே ஆபத்து கூடும் என்ற நிலையில், முதலில் எடுத்துப் பிறகு கேட்பதைத் தவிர வழியில்லை. டொனால்டு ட்ரம்ப் பார்க்லேண்டுக்குப் பிறகு துப்பாக்கியை முதலில் எடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்ற பொருளில் பேசி, சொந்தக் கட்சிக்காரர்களையே விழிக்க வைத்தார். அவர் சொன்ன விதம் கரடுமுரடு. சட்டங்கள் செய்வது ஏறக்குறைய அதைத்தான், நடுவில் ஒரு நீதிபதியை வைத்து.

சட்டமே இல்லாமல்

ஒன்றும் புதிதாக வேண்டாம், இருக்கிற சட்டம் போதும் என்பது முதல் வழி. மிரட்டினால் கைது செய்யலாம், மனநிலை சரியில்லை என்றால் மருத்துவமனையில் சேர்க்கலாம், மனைவியை அடித்தால் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். முறையான விசாரணையை மதிப்பவர்களுக்கு இது பாதுகாப்பான வழி போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. குற்ற வழக்கு என்றால் ஆள் சிறைக்குப் போகிறார், பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. நீதிமன்றம் கட்டாய மனநல சிகிச்சைக்கு அனுப்பினால் மத்திய சட்டப்படி துப்பாக்கித் தடை ஓராண்டோடு முடிவதில்லை. மாநிலமோ நீதிமன்றமோ பிறகு உரிமையை மீட்டுத் தந்தால் ஒழிய ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. மனைவி விட்டுப்போன துக்கத்தில் மூன்று வாரம் இடிந்து கிடந்தவருக்கு இதில் எது மேல்? ஓராண்டு துப்பாக்கி இல்லாமல் இருப்பதா, ஆயுள் முழுக்கவா?

இந்தியானாவின் கதை இந்த வழியின் ஓட்டையைக் காட்டுகிறது. 2004 ஜனவரியில் இண்டியானாபொலிஸ் போலீஸ் மனநிலை குலைந்த ஒருவரிடமிருந்து துப்பாக்கிகளை எடுத்தது. வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லாததால் திருப்பிக் கொடுத்தது. ஆகஸ்டில் அவர் தன் தாயைக் கொன்று, தெருவில் இறங்கி போலீஸ்காரர் ஜேக் லேர்டையும் சுட்டுக் கொன்றார். மறுவருடம் வந்த சட்டம் லேர்டின் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

தானாக முன்வந்து, தனக்குத் துப்பாக்கி விற்கக்கூடாது என்று பதிந்துகொள்ளும் பட்டியல் வாஷிங்டன், வர்ஜீனியா, யூட்டா மாநிலங்களில் உண்டு. நல்ல ஏற்பாடு, யார் உரிமைக்கும் குந்தகம் இல்லை. ஆனால் தன் நிலை தனக்கே தெரிந்தவருக்குத்தான் உதவும்.

போலீஸ் முதலில், கோர்ட் பிறகு

இந்தியானா வழி இதுதான். ஆபத்தானவர் என்று நம்பக் காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே போலீஸ் துப்பாக்கியை எடுக்கலாம், 48 மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். வேகம் என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. நீதிமன்றம் பூட்டியிருக்கும் நள்ளிரவிலும் செல்லும்.

இதன் மேல் எனக்கு இரண்டு மனக்குறை. ஒன்று, வீட்டு வாசலுக்கு உள்ளே அரசு வருவதற்கு முன் ஒரு நீதிபதி பார்த்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆணிவேர். ரோட் ஐலண்டில் ஒரு கணவன் மனைவி சண்டை. கணவர் துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, என்னைச் சுட்டுவிடு என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அன்று இரவு ஓட்டலில் தங்கி, காலையில் கணவர் போனை எடுக்காததால் போலீஸை அழைத்தார். துப்பாக்கியை எடுக்கமாட்டோம் என்ற நம்பிக்கையில் மனிதர் மனநலப் பரிசோதனைக்குப் போனார். அவர் போனதும் போலீஸ் உள்ளே புகுந்து எடுத்துவிட்டது. கனிகிலியா எதிர் ஸ்ட்ரோம் என்ற அந்த வழக்கில் 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, நல்லெண்ணத்தில் செய்தோம் என்பது வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையக் காரணமாகாது என்றது. ரெட் ஃபிளாக் சட்டங்கள் அந்த வழக்கில் கேள்விக்கு வரவில்லை, நாளை வரலாம் என்று நீதிபதி அலிட்டோ மட்டும் தனியாகக் குறித்து வைத்தார்.

இரண்டாவது குறை வினோதமானது. எடுப்பது சுலபம் என்பதால் பிறகு நீதிமன்றம் போவதில் அசட்டை வருகிறது. 2020 மார்ச்சில் இண்டியானாபொலிஸில் ஒரு தாய் தன் மகனைப் பற்றிப் போலீஸுக்குச் சொன்னார், போலீஸ் அவனுடைய ஷாட்கன்னை எடுத்தது. துப்பாக்கிதான் வந்துவிட்டதே என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் நீதிபதியிடம் போகவில்லை. உத்தரவு இல்லாததால் புதிதாக வாங்கத் தடையும் இல்லை. அந்த ஆண்டே அவன் சட்டப்படி இரண்டு ரைஃபிள்கள் வாங்கினான். 2021 ஏப்ரலில் ஃபெடெக்ஸ் கிடங்கில் எட்டுப் பேரைக் கொன்றான், அதில் நான்கு பேர் சீக்கியர்கள். விசாரணை என்பது உரிமைக்குப் பாதுகாப்பு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்று விசாரணை நடந்திருந்தால் அவன் கடையில் வாங்குவதையும் அது தடுத்திருக்கும்.

போலீஸ் மட்டுமே மனுதாரர்

ஃபுளோரிடா பார்க்லேண்டுக்குப் பிறகு மூன்றே வாரத்தில் சட்டம் போட்டது. குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்டார். குடும்பத்தார் நேராக நீதிமன்றம் போக முடியாது. போலீஸிடம் சொல்ல வேண்டும், போலீஸ் விசாரித்து மனுப் போடும். 14 நாளுக்குள் விசாரணை, தெளிவான, நம்பத்தக்க சான்று வேண்டும், அதிகபட்சம் 12 மாதம், பொய் சொன்னால் கிரிமினல் வழக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2019இல் ஏற்றுக்கொண்டது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் உத்தரவுகள். தெற்கே, குடியரசுக் கட்சி ஆளும் மாநிலத்தில் இந்த அளவு புழங்குகிறது என்பதே இதன் பெரிய பலம்.

இங்கே போலீஸ் ஒரு சல்லடை. சொத்துத் தகராறில் இருக்கும் மைத்துனரும், ஜீவனாம்ச வழக்கில் இருக்கும் முன்னாள் மனைவியும் கோபத்தில் போடும் மனு அங்கேயே நின்றுவிடும். ஆனால் போலீஸே சல்லடை என்றால், போலீஸ் அக்கறை காட்டாத ஊரில் சட்டமே இல்லாததற்குச் சமம். போலீஸைக் கண்டு அஞ்சும் கறுப்பினத் தாய், மகனைப் பற்றிப் போலீஸை அழைப்பாரா? அழைத்தால் என்ன நடக்கும் என்ற பயம் அவருக்குக் காரணமில்லாமல் வந்ததல்ல. இன்னொரு சங்கடமும் உண்டு. பார்க்லேண்ட் கொலைகாரனைப் பற்றி ஊர் போலீஸுக்கும் எஃப்பிஐக்கும் முன்பே தகவல் போயிருந்தது. அசையாத கைகளிலேயே புதுச் சாவியையும் கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் நடுவில்

மெய்ன் 2019இல் செய்த ஏற்பாடு தனி ரகம். சிவப்பு வேண்டாம் என்று மஞ்சள் கொடி என்று பெயர் வைத்தார்கள். முதலில் போலீஸ் ஆளைப் பாதுகாப்புக் காவலில் எடுக்க வேண்டும். பிறகு மருத்துவ நிபுணர் பரிசோதித்து ஆபத்து உண்டு என்று சொல்ல வேண்டும். பிறகு நீதிபதி ஒப்ப வேண்டும். அதன் பிறகுதான் துப்பாக்கி. மூன்று வாசல். துப்பாக்கி உரிமைக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள், முறையான விசாரணைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பெருமையும் பட்டார்கள். நியூயார்க்கிலும் 2022 டிசம்பரில் மன்ரோ கவுண்டி நீதிபதி ஒருவர், மனநலச் சட்டப்படி ஒருவரை ஆபத்தானவர் என்று சொல்ல மருத்துவர் வேண்டும் எனும்போது ரெட் ஃபிளாக்கில் மட்டும் ஏன் வேண்டாம் என்று கேட்டு, அந்த மாநிலச் சட்டமே செல்லாது என்றார். மற்ற நீதிபதிகள் பலர் அவரோடு ஒத்துப்போகவில்லை.

கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதத்தில் இரண்டு விரிசல் இருக்கின்றன. ஆபத்தும் மனநோயும் ஒன்றல்ல. கடனில் மூழ்கி, குடித்துவிட்டு, பழைய முதலாளியைத் தீர்த்துக்கட்டுவேன் என்று நாள் குறிக்கும் ஆளுக்கு நோய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதும் இல்லை. மருத்துவரை வாசலில் நிறுத்தினால் அவர்கள் மேல்தான் பழி விழுகிறது.

இன்னொன்று முக்கியமானது. மஞ்சள் கொடியில் முதல் நடவடிக்கையே ஆளைப் பிடிப்பதுதான். நீதிபதி யாரும் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு மனிதரின் உடல் காவலுக்குள் போகிறது. சிவப்புக் கொடியில் நீதிபதி பார்த்த பிறகு பொருள் மட்டும் போகிறது. எது உரிமையை அதிகம் மீறுகிறது? அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுப்பதைவிட என்னைப் போலீஸ் வண்டியில் ஏற்றுவது சிறியது என்று என்னை யாராலும் நம்பவைக்க முடியாது. வாசல்கள் அதிகம் என்பதால் நியாயம் அதிகம் என்று எண்ணிவிட்டார்கள்.

அந்த முதல் வாசலிலேயே எல்லாம் நின்றும் போனது. 2023 மே மாதம், ராணுவ ரிசர்வ் படையில் இருந்த ஒருவரின் போக்கு பயமாக இருக்கிறது என்று முன்னாள் மனைவியும் மகனும் உள்ளூர் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் அலுவலகத்துக்குச் சொன்னார்கள். ஜூலையில் ராணுவம் அவரை நியூயார்க்கில் மனநல மருத்துவமனையில் சேர்த்தது. செப்டம்பரில், அவர் கூட்டத்தில் சுடப்போகிறார் என்று தனக்குத் தோன்றுவதாக உடன் பணியாற்றிய வீரர் எழுதி அனுப்பினார். ஷெரிஃபின் ஆள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே அசையும் சத்தம் கேட்டது, திறக்கவில்லை. காவலில் எடுத்தால்தானே அடுத்த கட்டம்? துப்பாக்கிகளைக் குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அக்டோபர் 25 அன்று லூயிஸ்டனில், பௌலிங் கூடத்திலும் மதுக்கூடத்திலும் அவர் 18 பேரைச் சுட்டுக் கொன்றார். காவலில் எடுக்கப் போதுமான காரணம் இருந்தது என்று விசாரணைக் குழு பிறகு சொன்னது. போலீஸ் கடமை தவறியது உண்மைதான். ஆனால் அந்த முன்னாள் மனைவியும் மகனும் நேராக ஒரு நீதிபதியிடம் போகச் சட்டத்தில் வழியே இல்லை என்பதும் உண்மை. 2025 வாக்கெடுப்பு அந்த வழியைத்தான் திறந்தது, மஞ்சள் கொடியும் பக்கத்திலேயே இருக்கிறது.

குடும்பத்தார் நேராக

கலிபோர்னியா 2014இல் ஐலா விஸ்டா கொலைகளுக்குப் பிறகு இந்த வழியைப் பிடித்தது. அங்கேயும் கொலைகாரனின் பெற்றோர் மகனைப் பற்றி முன்கூட்டியே அதிகாரிகளை எட்டியிருந்தார்கள், போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. 2020இல் முதலாளி, சக ஊழியர், ஆசிரியர் வரை மனுப் போடலாம் என்று விரித்தார்கள். எனக்கு இதில் குடும்பத்தார் வரை சம்மதம், சக ஊழியர் வரை தயக்கம். வீட்டில் இருப்பவருக்குத் தெரிவது அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியாது, அலுவலகப் பகை மட்டும் நன்றாகத் தெரியும்.

பொய் மனு பற்றிய பயத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் கொலராடோ. சட்டம் அமலுக்கு வந்த முதல் மாதமே, 2020 ஜனவரியில், தன் மகனைச் சுட்ட போலீஸ் அதிகாரி மேல் ஒரு தாய் மனுப் போட்டார். சட்டப்படி குடும்ப உறவு இருந்தால்தான் போட முடியும் என்பதால், அந்த அதிகாரியோடு தனக்குக் குழந்தை உண்டு என்று எழுதினார். நீதிபதி தள்ளுபடி செய்தார், பொய்ச் சத்தியத்துக்காக அந்தத் தாய் மேலேயே வழக்கு வந்தது. சட்டம் எவ்வளவு சுலபமாக ஏமாறும் என்பதற்கு இதைக் காட்டுகிறார்கள். நான் இதைச் சட்டம் வேலை செய்ததற்குச் சான்றாகத்தான் படிக்கிறேன். துப்பாக்கி போகவில்லை, பொய் பிடிபட்டது. அதே சமயம் எதிர்மனுதாரர் போலீஸ் அதிகாரி என்பதையும் மறக்கக்கூடாது. எழுத்தறிவு குறைந்த, வக்கீல் பிடிக்க வசதியில்லாத லாரி ஓட்டுநராக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்குமா?

அதனால்தான் கொலராடோ சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி, எதிர்மனுதாரருக்கு அரசு செலவில் வக்கீல் தருவது. சிவில் வழக்கு என்ற சாக்கில் பெரும்பாலான மாநிலங்கள் இதைச் செய்வதில்லை. 2022 ஜூனில் வந்த மத்தியச் சட்டம் மாநிலங்களுக்கு 75 கோடி டாலர் ஒதுக்கி, அதில் ரெட் ஃபிளாக் திட்டத்துக்குப் பணம் வேண்டுமானால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கூடவே, அரசுக்குச் செலவில்லாமல் என்று ஒரு வாலையும் ஒட்டியது. காசு உள்ளவருக்கு உரிமை.

காலாவதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கொலராடோவில் 364 நாள் ஆனால் உத்தரவு தானாகச் சாகும், நீட்டிக்க வேண்டுமானால் மனுதாரர்தான் திரும்ப வந்து நிரூபிக்க வேண்டும். நியூஜெர்சியில் இறுதி உத்தரவுக்கு முடிவுத் தேதியே இல்லை. துப்பாக்கியை இழந்தவர்தான் மனுப் போட்டு, தான் ஆபத்தில்லாதவர் என்று காட்ட வேண்டும். தொடக்கத்தில் நிரூபணமும் அங்கே லேசு, எந்தப் பக்கம் எடை சற்றுக் கூடுதலோ அந்தப் பக்கம் தீர்ப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர், ஆனால் அந்த 19 பேரில் ஒருவராக நான் இருந்தால் எனக்குக் கிடைக்கும் நியாயம் இரண்டிலும் ஒன்றல்ல. துப்பாக்கி தவறாக எடுக்கப்பட்டவர் எப்போதாவது சும்மா இருந்தே தன் உரிமையைத் திரும்பப் பெற வேண்டும். கோர்ட் படி ஏறினால்தான் கிடைக்கும் என்றால் பாதிப்பேர் ஏறமாட்டார்கள்.

ஆக, நான் ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் கை தூக்க வேண்டியிருந்தால் எதற்குத் தூக்குவேன்? குடும்பத்தாரும் போலீஸும் மனுப் போடலாம், நீதிபதி பார்க்காமல் எதுவும் நகரக்கூடாது. எக்ஸ்பார்ட்டி 14 நாளைத் தாண்டக்கூடாது, கலிபோர்னியாவின் 21 எனக்கு அதிகம். இறுதி விசாரணையில் தெளிவான, நம்பத்தக்க சான்று வேண்டும். அரசு செலவில் வக்கீல், தானாகக் காலாவதி. முன்வாசலை அகலமாகத் திறந்துவிட்டு, இரண்டாவது வாசலை நன்றாகக் காவல் காப்பது. மெய்னின் பழைய சட்டம் இதற்குத் தலைகீழ்.

இதிலும் சரியாகாத ஒன்று உண்டு. மேரிலாந்தில் சட்டம் அமலாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2018 நவம்பர் 5, விடியற்காலை 5:17க்கு இரண்டு போலீஸார் உத்தரவைக் கொடுக்க ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீட்டுக்காரர் கையில் துப்பாக்கியோடு திறந்தார், கீழே வைத்தார், உத்தரவு என்னவென்று தெரிந்ததும் மறுபடி எடுத்தார். இழுபறியில் அவர் துப்பாக்கி வெடித்தது, போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. எந்தக் கறாரான சான்று விதியும் அந்த வாசற்படியை எட்டாது. எத்தனை மணிக்குப் போவது, யார் போவது, குடும்பத்தில் ஒருவரை முன்னால் போனில் பேச வைப்பதா என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில் இருப்பதில்லை, ஷெரிஃபின் பயிற்சியில் இருக்கிறது. சான் டியேகோவில் நகர வழக்கறிஞர் அலுவலகம் இதற்கென்றே தனிக் குழு வைத்து வேலை செய்தது. எதிர்முனையில் கொலராடோவின் எல் பாசோ கவுண்டி, இந்தச் சட்டத்துக்குத் தொடக்கத்திலிருந்தே எதிர்ப்புத் தெரிவித்த இடம். 2021இல் வெடிகுண்டு மிரட்டலில் கைதான ஒருவர் மேல் அங்கே யாரும் மனுப் போடவில்லை. அவர்தான் 2022 நவம்பரில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் கிளப் க்யூ என்ற இரவு விடுதியில் ஐந்து பேரைக் கொன்றவர்.

உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் ரஹீமி வழக்கில், பிறருக்கு நம்பத்தக்க ஆபத்து என்று நீதிமன்றம் கண்டறிந்த ஒருவரிடமிருந்து தற்காலிகமாக ஆயுதத்தை எடுப்பது அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தனித்து நின்றவர் கிளாரன்ஸ் தாமஸ். ஆனால் அது முன்னறிவிப்பும் விசாரணையும் முடிந்த பிறகு வந்த, குடும்ப வன்முறை தொடர்பான உத்தரவு. விசாரணைக்கு முந்தைய அந்த 14, 21 நாட்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. தனக்கு மட்டுமே ஆபத்தானவரைப் பற்றியும் சொல்லவில்லை, இந்த உத்தரவுகளிலோ அவர்கள் பங்கு கணிசமானது. எக்ஸ்பார்ட்டி நாட்களைக் குறைவாக வைத்து, வக்கீலையும் கொடுத்திருக்கும் மாநிலங்கள் அந்த வழக்கு வரும்போது சமாளித்துக்கொள்ளும். நியூஜெர்சி மாதிரி முடிவுத் தேதி இல்லாமல் வைத்திருப்பவர்கள் இப்போதே திருத்தம் கொண்டுவந்துவிடுவது நல்லது.